அமுதவல்லியின் பார்லரும் என் கையெழுத்தும்

என் தம்பி தேவேந்திரனின் பெண்சாதி அமுதவல்லியைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை. ஆனாலும் எங்கள் கோட்டைக்குப்பத்தில் முதல் பியூட்டி பார்லர் வைத்தவள் அவள்தான். வேறு யாரைப் பற்றி எழுதுவது?

கல்யாணமாகி வந்த புதிதில் இறால் உரிக்கப் போனாள். பிறகு மீஞ்சூரில் ஒரு பார்லரில் தரை பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே புருவம் திருத்தக் கற்றுக்கொண்டாள். பொன்னேரியில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். போன தை மாதம், வீட்டில் அவர்கள் பக்கத்து முன்னறையில் கடை போடப் போவதாகச் சொன்னாள்.

வீடு இன்னும் செத்துப்போன எங்கள் நைனா பெயரில்தான் இருக்கிறது. பாதியில் நான், பாதியில் தம்பி. அதனால் பஞ்சாயத்தில் தொழில் உரிமம் வாங்க என் சம்மதக் கையெழுத்து வேண்டும். தாளோடு வந்து நின்றாள்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

"ஐஸ் கடை லைசென்சுக்கு நான் மனு எழுதிக் குடுத்து நாலு வருஷம் ஆவுது. என் முறை வரட்டும். அப்பால நீ."

ஏரியில் மீன் பிடிக்க எங்களுக்குப் பாடு என்ற முறை உண்டு. யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவாகும். முறை வராதவன் வலையைத் தொடக்கூடாது. எனக்குத் தெரிந்த நியாயம் அது.

அவள் வாக்குவாதம் பண்ணவில்லை. வீட்டு வரி ரசீது வாங்கினாள். செல்போனிலேயே சிறுதொழில் பதிவு செய்தாள். எல்லாவற்றையும் ஒரு நீலக் கவரில் சேர்த்தாள். கவர் தடிக்கத் தடிக்க எனக்கு வயிறு எரிந்தது.

"அவ கவரு குண்டாவுது, நீ இளைச்சிப் போற" என்றாள் என் பெண்சாதி கீதா.

பொறுக்காமல் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே எழுத்து வேலை பார்க்கும் தாமோதரனிடம், "என்னுது முன்னாடி. அவளுக்கு முதல்ல குடுத்தா நல்லா இருக்காது" என்றேன்.

அவன் கட்டுக்குள்ளிருந்து என் மனுவை உருவித் தூசி தட்டினான். "வரி ரசீது இல்ல, போட்டோ இல்ல, தம்பி சம்மதம் இல்ல. இது இன்னா பாடாண்ணே, முறை வர்றதுக்கு?"

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"ரெண்டு தபா ஆள் வுட்டேன். முறை வந்தா வர்றேன்னு நீதானே சொல்லி அனுப்ச்ச?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

சாயங்காலம் அமுதவல்லி வந்தாள். கையில் இரண்டு தாள். ஒன்று அவள் கடைக்கு நான் போட வேண்டிய சம்மதக் கடிதம். இன்னொன்று என் ஐஸ் கடை மனு, புதிதாக எழுதியது. வரி ரசீது இணைத்திருந்தது. கீதாவிடம் வாங்கிய என் போட்டோ ஒட்டியிருந்தது. தம்பியின் கையெழுத்தும் இருந்தது.

"தாமோதரன் அண்ணன் சொன்னாரு. ரெண்டையும் ஒண்ணா குடுத்துடலாம் மாமா."

திட்ட ஒரு காரணம் தேடினேன், அகப்படவில்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். முதலில் என்னுடையதில்தான்.

இரண்டு உரிமமும் ஒரே நாளில் வந்தன. அவளுடையது கண்ணாடிக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. என்னுடையது பெட்டிக்குள் கிடக்கிறது. வெளியே மாட்டினால், யார் எழுதிக் கொடுத்தது என்று ஐஸ் வாங்க வருகிறவனெல்லாம் கேட்பான்.

நேற்று கீதா அங்கே போய்ப் புருவம் திருத்திக்கொண்டு வந்தாள்.

"எப்பிடிய்யா இருக்குது?"

நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப உடைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.