எந்த மாதம் வந்தால் நல்லம்?

கடற்கரையில் அறை வாடகைக்கு விடுகிறவன் மழைக்கும் காற்றுக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கும் என்று இந்தத் தொழிலில் இறங்கும்போது எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கல்முனையில் என் மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த கடற்கரை வளவில் மூன்று அறைகளைக் கட்டி, பலகையும் மாட்டி உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தொலைபேசியை எடுத்தால், ஆளுக்கு ஆள் கேட்பது ஒன்றுதான்: "எந்த மாதம் வந்தால் நல்லம்?"

என்னைப்போல அறை விட்டு இதே பாடு படுகிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இந்தத் தீவுக்கு மழை இரண்டு தவணையாக வருகிறது. கொழும்பு நனையும்போது நாங்கள் காய்கிறோம். கொழும்பு காயும்போது எங்கள் வளவுக்குள் தவளை கத்துகிறது. இதை நான் சொல்லாத ஆளில்லை, கேட்டு நடந்த ஆட்கள்தான் குறைவு.

அறைகள் எழும்பியது கட்டாரில் லொறி ஓட்டுகிற என் மகனின் உழைப்பில். "ஒரு வருசம் ஒழுங்கா ஆக்கள் வந்தாப் போதும் வாப்பா, நான் விசாவ முடிச்சிட்டு வந்து இதையே பாத்துக்கிறன்" என்று சொல்லியிருந்தான். அவனுடைய சின்ன மகளிடம் "வாப்பா எங்க?" என்று கேட்டால், அலுமாரிக்கு மேலே கிடக்கிற போனைக் காட்டுவாள். ஆகவே நான் காலையில் எழும்பி வானத்தைப் பார்ப்பது வியாபாரத்துக்காக மட்டும் இல்லை.

கொழும்பில் வெயில்

டிசம்பர் விடுமுறைக்கு வரப்போவதாகக் கொழும்பிலிருந்து ஒரு குடும்பத் தலைவர் பேசினார். "இது எங்களுக்கு மாரி காலம், ஏப்ரலுக்குப் பிறகு வாங்க" என்றேன். அவர் யன்னலைத் திறந்து தன் வானத்தைப் பார்த்துவிட்டு, "இஞ்ச ஒரு மேகம் இல்லையே நானா" என்றார், அண்ணன் முறை வைத்து. வேனில் ஏறியும் விட்டார்கள். மகாஓயாவைத் தாண்டும்போது பிடித்த மழை என் வாசல்வரை அவர்களோடு கூடவே வந்தது.

பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு இறங்கினார்கள். கடல் சேற்று நிறத்தில் குதித்துக்கொண்டிருந்தது. தோணிகளையெல்லாம் தெருவரைக்கும் இழுத்து ஏற்றி வைத்திருந்தார்கள். நின்ற நாளெல்லாம் அறைக்குள் கரம் விளையாடினார்கள். ஈரத்தில் பலகையும் ஊதி, காய் நகர மறுத்தது. போகும்போது அந்த மனிதர், மழையை நான் எங்கோ ஒளித்து வைத்திருந்ததுபோல என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஒரே நாடு தானே நானா? இதக் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே!"

டிவியில் வெள்ளம்

அடுத்த முறை ஜூன் மாதத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு கூட்டம் மூன்று அறைகளையும் கேட்டது. நான் உடனே மகனுக்குச் சொன்னேன். அவனும் "அப்ப மெனேஜரிட்ட விசாவப் பத்திக் கேட்டுப் பாக்கட்டா வாப்பா?" என்றான். அன்று இரவு என் மனைவி வட்டிலப்பம் அவித்தாள். இன்னும் வராத மகனுக்காக நாங்கள் இருவரும் அதைச் சாப்பிட்டோம்.

அந்த வாரம் பார்த்து மேற்குப் பக்க மலைகளில் மழை கொட்டி, வீடுகளுக்குள் ஆறு போனது. அதை உலகமெல்லாம் டிவியில் காட்டினார்கள். எங்கள் பக்கமோ சிறுபோக வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று ஆட்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெடித்துக் கிடந்த என் முற்றத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். பழைய படம் என்று நினைத்தார்கள் போல. கூட்டத்தின் தலைவர் கடைசியாகப் பேசியபோது அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது: "ஐயா, ரூம் வேணாம். டிவில பார்த்துட்டு, நீங்க உயிரோட இருக்கீங்களான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."

கச்சான்

என் சொல்லைக் கேட்டு மாதம் பார்த்து முதலில் வந்தவர் ஒருவர். பாண்டிருப்பில் பிறந்து கனடாவில் குடியிருக்கிற ஒரு ரீச்சர் அக்கா. "மழை ஒரு சொட்டும் விழாத மாதம்" என்று நான் ஜூலையைச் சொன்னேன். சொன்னபடி ஒரு சொட்டும் விழவில்லை.

ஆனால் கச்சான் எழும்பிவிட்டது. மேற்கே இருந்து வருகிற அந்தக் காற்றுக்குக் குசினிக் கதவும் தெரியாது, கட்டில் விரிப்பும் தெரியாது. சோற்றில் மண் கடித்தது. கொடியில் போட்ட சேலை பக்கத்து வளவு முருங்கையில் கிடந்தது. கடல் குளம்போல அடங்கிக் கிடந்தது. ஆனால் அதைப் பார்க்கக் கண்ணைத் திறக்க முடியாது. மூன்றாம் நாள் அக்கா முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சாய்கதிரையில் கிடந்தபடியே கேட்டார்: "தம்பி, மழைக்குப் பயந்துதான் இந்த மாசம் வந்தன். இப்ப அந்த மழை எப்ப வரும்?"

உப்பு

மாரி ஓய்ந்து, கச்சானும் எழும்பாத ஒரு சின்ன இடைவெளி உண்டு. கடல் நீலமாகும், விடியலில் குளிரும். இவ்வளவும் பட்ட பிறகு அந்த மார்ச் மாதத்தையே எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினேன். நோன்பு வருடத்துக்கு வருடம் முன்னால் நகர்ந்து வரும் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்த வருடம் அது நேராக வந்து மார்ச்சில் உட்காரும் என்பதை மட்டும் மறந்துபோனேன்.

வெள்ளைக்காரப் புருசன் பெஞ்சாதி இரண்டு பேர் வந்தார்கள். நோன்பு பிடிக்காத பாண்டிருப்புப் பக்கம் போயிருந்தால் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கும். அவர்கள் எதிர்ப்பக்கம், நோன்புக்குக் கடையெல்லாம் பூட்டிக் கிடந்த சாய்ந்தமருதுவரை நடந்துவிட்டு, வெறும் வயிற்றோடு திரும்பினார்கள். என் மனைவி அன்று மருமகள் வீட்டில். பாவம் பார்த்து நானே பாரை மீனைப் பொரித்தேன். நோன்போடு உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க மனம் வரவில்லை, கைக்கணக்கில் போட்டேன். மரியாதையான ஆட்கள், ஒரு முள்ளும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். என் தொண்டை வறண்டு கிடக்க, கூசா கூசாவாக அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்த மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் மெதுவாகக் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?"

மகனுக்கு லீவு

வருடக் கடைசியில் மகனுக்கு லீவு கிடைத்தது. "விசாவப் பத்தி வந்து கதைப்பம் வாப்பா" என்றான். எந்த மாதம் வருவது என்பது கொம்பனியின் முடிவு, அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் வந்து இறங்கிய அன்றே மழை பிடித்தது. மகளிடம் "வாப்பா எங்க?" என்று கேட்டோம். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பிள்ளை அலுமாரிக்கு மேலே கையைக் காட்டியது. எல்லோரும் சிரித்தோம். அவன் எழும்பி முகம் கழுவப் போனான்.

விருந்தாளி ஒருவரும் இல்லை. கடல் வேலியைக் கொண்டுபோய்விட்டது. அறைகளுக்குள் தண்ணீர் ஏறி, நானும் அவனும் வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்போது போன் அடித்தது. லண்டனிலிருந்து யாரோ, அதே கேள்வி. ஒரு கையில் வாளியோடு நான் சொல்லத் தொடங்கினேன். இந்த மாதம் மழை, அந்த மாதம் காற்று, அந்த மாதம் நோன்பு, நடுவில் இருப்பதை டிவி கெடுத்துவிடும். மகன் அள்ளுவதை நிறுத்திவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு விசாவைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

பிள்ளை அவன் தோளில் ஏறப் பழகியபோது லீவு முடிந்துவிட்டது. கொழும்பு பஸ்ஸுக்கு நானே கொண்டுபோய் ஏற்றினேன். பையை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்து, என் கையைப் பிடித்து சலாம் சொன்னான். கொஞ்ச நேரம் கையை விடாமல் நின்றான். பிறகு, மற்ற எல்லோரும் கேட்கிற அதே குரலில் கேட்டான்: "மறுகா அடுத்த லீவு எடுத்தா, எந்த மாசம் வந்தா நல்லம் வாப்பா?"

மூன்று அறைக்காரனாக நான் கண்டது இவ்வளவுதான்: வருகிறவர்களுக்கு எந்த மாதத்தையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம், போகிறவனுக்குச் சொல்லத்தான் வாயில் ஒரு மாதமும் வருவதில்லை.