செட்டுச் சேலை

மதியம் இரண்டு மணிக்குக் கோரிப்பாளையத்தில் பஸ் ஏறினோம். அலங்காநல்லூருக்குப் பதினெட்டு கிலோமீட்டர். டவுன் பஸ் என்பதால் எனக்கு டிக்கெட் இலவசம், என் கணவருக்குப் பதினைந்து ரூபாய். எங்கள் காதல் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருடமாகப் பேச்சே இல்லாத மாமியார் வீட்டுக்கு, முளைப்பாரித் திருவிழாவுக்காக முதல் தடவையாகப் போகிறேன். கூப்பிட்டது மாமியார் இல்லை, அவருடைய மூத்த மருமகள் செல்வி அக்கா. வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் கிளம்பியிருந்தேன்.

நான் கோயம்புத்தூர்க்காரி. மதுரைப் பக்கம் 'செட்டு' என்ற ஒரு சொல்லை வைத்தே பிழைப்பை ஓட்டிவிடுகிறார்கள். பஸ் கிளம்புமுன் பரோட்டாக் கடையில் ஒருவர் இரண்டு செட்டு பார்சல் கேட்டார். செல்லூர் தாண்டும்போது பின்சீட்டுக்காரர், "பொண்ணுக்குப் பாத்த எடம் செட்டாகலண்ணே" என்று போனில் வருத்தப்பட்டார். சிக்கந்தர் சாவடிக்கு அப்பால் வயல்வெளி. பம்புசெட்டுத் தண்ணீர் வெயிலில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. எங்கிருந்தோ ரேடியோ செட்டில் அம்மன் பாட்டு, காற்றோடு வந்து காற்றோடு போனது. கண் செருகியது. பஸ் போகிறதா, வயல்தான் போகிறதா என்று தெரியவில்லை.

"எல்லாத்துக்கும் ஒரே வார்த்தைதானுங்களா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஒண்ணொண்ணுக்கும் பேரு வச்சுக்கிட்டிருக்க எங்களுக்கு ஏது நேரம்?" என்றார்.

மூன்று மணிக்கு இறங்கினோம். வீட்டு வாசலில் பங்காளி வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே மாம்பழ மஞ்சளில், ஒரே கரையில் சேலை கட்டி நின்றார்கள். திருவிழாவுக்கு இப்படிச் செட்டுச் சேலை எடுப்பது வழக்கமாம். எனக்குத் தெரியாது. நல்ல பேர் வாங்கலாமென்று நீலப் பட்டில் போயிருந்தேன். அந்த மஞ்சளுக்கு நடுவில் நான் ஒருத்திதான் வேற்றாள்.

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் மூன்று சேலைகள். மேலே மாம்பழ மஞ்சள். அடியில் ஒரு பச்சை, ஒரு அரக்கு, மடிப்புக் கலையாமல்.

"வருசா வருசம் அத்தை ஒனக்கும் சேத்துத்தான் எடுப்பாக," என்றார் செல்வி அக்கா.

மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜாக்கெட்டுக்குத்தான் அளவு தெரியல. இருக்குறதப் போட்டு வெரசாக் கட்டிட்டு வா."

மறுநாள் காலை அதே பஸ்ஸில் திரும்பினோம். எங்கள் ஊரில் கோபம் வந்தால் வாய் ஓயாமல் பேசித் தீர்ப்போம். மூன்று வருடமாக அம்மாவிடம் இந்த வீட்டைக் குறை சொல்லித்தான் நான் தீர்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வருடமும் இவர்கள் கடைக்குப் போய் ஒரு சேலை கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள்.