பாதியில் அறுந்த மணிச்சரம்

பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுப்பவள் நான். செல் எப்படிப் புரதம் செய்கிறது என்ற பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் அந்தப் பாடம் என் உடம்புக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்திருப்பேனா? கர்ப்பமான மூன்றாவது மாதம், ராயபுரத்தில் எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனை வந்து மண்டையில் குட்டிய பிறகுதான் உறைத்தது.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ரத்தம் குறைவு. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே மருந்து சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரலை மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கித் தருவார்கள். என் மாமியார் காசிமேட்டில் மீன் விற்கிறவர். நான் கர்ப்பம் என்று தெரிந்ததிலிருந்து கறிக்கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிவந்துவிடுவார்.

"இன்னாடி, மூஞ்சி இப்டி வெளுத்துப்போய்க் கீது? துன்னு. வவுத்துல கீறதுக்கும் சேத்துத் துன்னு."

கூடவே இரும்புச்சத்து மாத்திரை வேறு. தின்று தின்று வாயெல்லாம் துரு வாசம் வந்ததே தவிர, ரத்தம் ஏறுவேனா என்றது. பாடம் நடத்துகிற நானும் ஏன் என்று கேட்காமல் தின்றுகொண்டிருந்தேன்.

டாக்டர் இன்னொரு பரிசோதனை எழுதினார். முடிவைப் பார்த்துவிட்டு, "இது இரும்புக் குறைவு இல்லைம்மா. ஹீமோகுளோபின் செய்யச் சொல்ற ஜீன் ரெண்டு பிரதியில ஒண்ணு பழுது. தலசீமியான்னு பேரு. ஒண்ணு நல்லா இருக்கறதால உங்களுக்கு ஆபத்தில்லை" என்றார்.

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்ததோ உற்சாகம்! அட, இதைத்தானே இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதி அழித்தேன்! டி.என்.ஏ.வில் இருக்கும் கட்டளை நகலாகி வெளியே வருகிறது. ரைபோசோம் அந்த நகலை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மணி கோர்ப்பதுபோல் கோர்க்கிறது. கோர்த்த சரம் மடங்கினால் புரதம்; ஹீமோகுளோபினும் அப்படி ஒரு புரதம்தான். சில பழுதுகளில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருக்கும். ரைபோசோம் அந்த இடத்தில் 'நிறுத்து' என்று படித்துவிட்டு, சரத்தைப் பாதியிலேயே அறுத்துவிடும். என்னுடையது எந்த வகையோ தெரியாது. ஆனால் மற்ற பிரதி ஒற்றை ஆளாய் உழைத்து இத்தனை காலம் என்னை நடமாட வைத்திருக்கிறதே! சரமே குறைச்சலாக இருக்கும்போது இரும்பைக் கொட்டி என்ன பயன்?

"வீட்டுக்காரர் சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தாய்மாமன் மகன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மீதிக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இந்தப் பழுது அம்மா வழியில் வந்திருந்தால், அம்மாவின் அண்ணன் மகனுக்கும் இருக்கலாம். அப்படியானால் எங்கள் இருவரின் பழுதுப் பிரதியும் குழந்தைக்கே போய்ச் சேரலாம். சேர்ந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் ரத்தம் ஏற்றவேண்டும். என் கணவரின் ரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். அவரோ விசைப்படகில் நடுக்கடலில் இருந்தார்.

மாமியார் மீன்கூடையை அப்படியே போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினார். கரையில் நின்ற ஒரு படகின் வயர்லெஸ்ஸில் மகன் போன படகைக் கூப்பிட்டு அவரே பேசினார்.

"ஆஸ்பத்திரில கேக்குறாங்க நைனா. வவுத்துப் புள்ளைக்காவ எம்புள்ள ரத்தத்த டெஸ்ட் பண்ணணுமாம். சீக்கிரம் வரச்சொல்லு."

சொன்னது சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் எங்கள் ஆட்களின் காதில் ஆஸ்பத்திரி, ரத்தம் இரண்டும் சேர்ந்து விழுந்தால் ஒருத்தரைத் தனியாக அனுப்பமாட்டார்கள். படகே போகும். வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து, மறுநாள் காலையில் மொத்தப் பேரும் பரிசோதனைக்கூடத்தின் வாசலில் நின்றார்கள். மீன் கவிச்சியும் டீசல் வாடையும் தெருவையே தூக்கின. என் கணவர் அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றார்.

படகு ஓட்டும் ஸ்ராங்கு சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னே வந்தார். "எத்தினி பாட்டில் வேணுமோ எட்த்துக்கம்மா. மொதல்ல என்னாண்ட எடு."

"ஐயோ அண்ணா, யாருக்கும் ரத்தம் ஏத்தல! இவுரோடது மட்டும் போதும்!"

"ஒருத்தன் ரத்தம் எப்டிம்மா பத்தும்?"

எனக்கு வந்ததே கோபம்! வாசற்படியிலேயே வகுப்பெடுத்துவிட்டேன். பிள்ளைக்குக் கட்டளை இரண்டு பிரதி, என்னிடமிருந்து ஒன்று, இவரிடமிருந்து ஒன்று. என்னுடையதில் பழுது இருக்கிறது. இவருடையது நன்றாக இருந்தால் பிள்ளை பிழைத்தது. ஒருவர்கூட அசையாமல் கேட்டார்கள். என் மாணவர்கள் அப்படிக் கேட்டதே இல்லை.

"அப்போ இவன் பாஸாயிட்டா போதும்னு சொல்லு," என்றார் ஸ்ராங்கு.

"அக்காங்!" என்று தலையாட்டினேன்.

முடிவு வந்த அன்றைக்கும் அத்தனை பேரும் வந்தார்கள். உள்ளே நாங்கள் இருவர் மட்டும் போனோம். டாக்டர் நிதானமாகப் படித்தார்.

"இவருக்கு இல்லை. இவர்கிட்ட ரெண்டுமே நல்ல பிரதி. குழந்தைக்கு அந்த நோய் வராது. மிஞ்சிப்போனா உங்களை மாதிரி ஒண்ணு பழுதா இருக்கும், அவ்வளவுதான்."

கடலிலிருந்து வந்ததுமுதல் வாய் திறக்காத மனுஷன் அப்போதுதான் பேசினார். "இவள மாதிரியா? அப்போ கோவத்தோடதான் பொறக்கும் டாக்டர், தாங்காது!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உதடு துடித்துக்கொண்டிருந்தது. அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு, இத்தனை நாளும் தொடவே பயந்திருந்த என் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்து, டாக்டர் எதிரிலேயே ஓவென்று அழுதேன்.