அம்மாவுக்காக நான் சொன்ன பதில்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதச் சாயங்காலம். போடியில் ஒரு சின்ன கிளினிக்கில் டாக்டருக்கு முன்னால் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். வெளியே தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா, மலைக்குப் போட்டுப் போகிற முழுக்கை ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் மாட்டியிருந்தாள். அந்த அறைக்குள் நாங்கள் இருந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. அந்த ஐந்து நிமிடத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா ஏலக்காய் பறிக்கப் போகிறவள். விடிவதற்குள் போடியில் ஜீப்பு ஏறினால், போடிமெட்டு தாண்டி கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் இறங்கி, செடியின் தூரில் குத்தவைத்துக் காய் பறித்து, பொழுது சாய வீடு திரும்புவாள். பதினெட்டு வருடமாக ஒரே ஜீப்பு, ஒரே செட்டுப் பெண்கள். அப்பா ஏலக்காய் குடோனில் லோடுமேன். இருவருமே கைநாட்டு. நான் பி.எஸ்சி., பி.எட். அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஒரு தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்களைப் போன்ற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. படித்த பிள்ளை ஒன்று தலையெடுத்துவிட்டால், வெளியாட்களிடம் பேசுகிற வேலை முழுக்க அந்தப் பிள்ளையுடையதாகிவிடும். ரேஷன் கடையோ, தாலுகா ஆபீசோ, ஆஸ்பத்திரியோ, பெரியவர்கள் ஒரு அடி பின்னால் நின்றுகொள்வார்கள். எட்டாவது படிக்கும்போதே எனக்கு அந்த வேலை வந்துவிட்டது. அன்றைக்குக் கிளம்பும்போதும் அப்பா அம்மாவிடம், "நீ குறுக்க பேசாத. அவ பேசிக்கிருவா, படிச்ச புள்ள" என்றுதான் சொல்லி அனுப்பினார்.

அம்மாவுக்கு அசதி ஆரம்பித்து அப்போதே ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அப்படியே சாய்ந்துவிடுவாள். ஆனால் எல்லாவற்றுக்கும் மலையில் ஒரு காரணம் இருந்தது. குளிர்கிறது என்றால் மலைக்குளிர். குரல் கம்மிப் போனது என்றால் பனி. தோல் வறண்டு செதில் செதிலாக உதிர்ந்தால், தோட்டத்தில் மருந்தடிக்கிறார்கள் அல்லவா, அது. முகம் உப்பி, உடம்பு பெருத்தபோது ஜீப்பில் கேலி வேறு.

"மதினி கன்னத்தப் பாருங்கடி, எஸ்டேட்டு மொதலாளியம்மா கணக்கா ஆயிட்டாக."

"மக சம்பளம் வாங்குறால்ல, சோறு ஒட்டுது."

இதை அம்மா வீட்டில் வந்து சொன்னபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. நான் சம்பாதித்து என் அம்மா சதை போட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக்குக்கு வருகிறேன். டாக்டர் ஸ்வெட்டரைப் பார்த்ததும், "இந்த வெயில்ல எதுக்கும்மா இது?" என்று அம்மாவிடம்தான் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சிரித்துக்கொண்டே, "மலைக்குப் போற பழக்கம் சார், கழட்டவே மாட்டாங்க" என்றேன். தூக்கம் எப்படி என்றார். "அதுக்குக் குறைச்சலே இல்ல சார்" என்றேன். அவரும் சிரித்தார். வயிறு ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார். அம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்து, "அது கெட்டிப்பட்டுப் போயி..." என்று ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அம்மா அதை எப்படிச் சொல்லி முடிப்பாள் என்று எனக்குத் தெரியும். ஜீப்பில் பேசுகிற மாதிரியே கல்லு, பாறை என்று, அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே என் மாணவி ஒருத்தியின் அம்மா முறை வருவதற்காகக் காத்திருந்தார். நான் மேஜைக்கு அடியில் அம்மாவின் காலை முழங்காலால் இடித்தேன். "அதெல்லாம் நார்மல் சார்" என்றேன். மாதவிலக்கைப் பற்றிக் கேட்டதற்கு, "நிக்கிற வயசு சார், முன்னப்பின்னதான் இருக்கும்" என்றேன். அம்மா நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

டாக்டர் சீட்டை இழுத்து, "எதுக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துரலாமே" என்றார்.

"போன வருசம் கேம்ப்ல எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு சார். ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மி."

கேம்பில் எடுத்தது சர்க்கரையும் ரத்த அளவும்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏன் "எல்லா டெஸ்டும்" என்று சொன்னேன்? எங்கே போனாலும் விவரம் தெரிந்தவளாகவே பேசிப் பழகி, அந்த வார்த்தையும் அப்படியே வந்து விழுந்துவிட்டது. நான் டீச்சர் என்று தெரிந்ததும் அவர் பேனாவை மூடியபடி, "அப்ப நீங்களே பாத்துக்குவீங்க" என்றார். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். படித்த மகளின் பேச்சை அவர் நம்பினார்.

அடுத்த சில வாரங்களில் நான் பத்தாம் வகுப்பில் ஹார்மோன் பாடம் எடுத்தேன். தைராய்டு குறைவாகச் சுரந்தால் உடலில் என்னென்ன ஆகும் என்று போர்டில் வரிசையாக எழுதிப் போட்டேன். சோர்வு, முகம் உப்புதல், எடை கூடுதல், குளிர் தாங்காமை. பரீட்சைக்கு வரக்கூடிய கேள்வி என்பதால் ஒவ்வொருவராக எழுப்பி ஒப்பிக்க வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மா விளக்கு வைக்காமல் படுத்துக் கிடந்தாள். "இப்பவே படுத்தா உடம்பு எப்படி வணங்கும்? சும்மா சும்மா அசதின்னு சொல்லிக்கிட்டு" என்று சத்தம் போட்டேன். அம்மா எழுந்து போய் விளக்கை ஏற்றினாள்.

ஐப்பசியில் பறிப்பு மும்முரமாக இருந்தபோது அது நடந்தது. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் செடி வரிசையான நிரையில் இறங்கியிருக்கிறார்கள். அம்மாவைக் காணோம். மழையோடு மூடுபனி வேறு. நாலு திசையிலும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு ஏலச்செடித் தூரில் பையை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். கால் முழுக்க அட்டைப்பூச்சி. கூப்பிட்டது இடையில் கேட்டதாம். ஆனால் கம்மிப்போன தொண்டையிலிருந்து பதில் சத்தம் வரவில்லையாம். சூப்பர்வைசர், "எந்தா சேச்சி, உறங்கானோ வந்நது?" என்று, தூங்கவா வந்தாய் என்கிற மாதிரி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். மறுநாள் விடியலில், ஜீப்புக்கு ஆள் சேர்க்கிற அக்கா, "மதினி, நீங்க கொஞ்ச நாளைக்கு வீட்ல இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார். அம்மாவை ரோட்டிலேயே விட்டுவிட்டு ஜீப்பு கிளம்பிவிட்டது.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அம்மா எப்போதும்போல விடிவதற்குள் தூக்குவாளியோடு கிளம்பிப் போனாள், பொழுது சாய வந்தாள். எட்டு நாள் அப்படிப் போய்வந்தாள்.

எட்டாவது நாள், மூன்றாவது பீரியடில் எனக்கு போன் வந்தது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். "உங்க அம்மா இங்க இருக்காங்க. பயப்படாம வாங்க" என்றார்.

ஓடினேன். அந்த நர்ஸ்தான் நடந்ததைச் சொன்னார். ஒரு வாரமாக ஒரு அம்மா தினமும் காலையில் வந்து, சீட்டு வாங்காமல், டாக்டரையும் பார்க்காமல், வெளிநோயாளிகள் பகுதியில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருக்கிறார். எல்லோரும் ஃபேனுக்கு அடியில் இடம் தேட, இந்த அம்மா மட்டும் ஃபேன் காற்று படாத மூலையாகப் பார்த்து ஸ்வெட்டரோடு ஒடுங்கியிருக்கிறாள். "யாரப் பாக்க வந்தீக?" என்று கேட்டதற்கு, "யாரையும் இல்ல தாயி. செத்த உக்காந்துட்டுப் போயிர்றேன்" என்றாளாம். முகத்தையும் குரலையும் பார்த்துவிட்டு அவரே சீட்டுப் போட்டு, கையைப் பிடித்து லேடி டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார். தைராய்டுக்கு ரத்தமும் எடுத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்பதால்தான் அம்மா அந்த இடத்தைப் பிடித்திருக்கிறாள்.

நான் போனதும் லேடி டாக்டர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார். எப்போதிலிருந்து அசதி என்று கேட்டதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நானும் பழக்கத்தில் வாயைத் திறந்தேன். நர்ஸ் என் தோளில் கை வைத்து, "நீ இரும்மா. உடம்பு அவுகளோடது. அவுக சொல்லட்டும்" என்றார்.

அம்மா சொன்னாள். வெளிக்குப் போய் நாலு நாள், ஐந்து நாள் ஆகும் என்றாள். நான் வாங்கிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்கு அப்புறம் அது இன்னும் கெட்டியானது என்றாள். தீட்டு நிற்காமல் போகிறது என்றாள். சீப்பு வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது என்றாள். "கை மரத்துப்போகுது தாயி. தொட்டுப் பாத்தாத்தான் எது வெளஞ்ச காயி, எது பிஞ்சுன்னு தெரியும். எனக்கு ரெண்டும் ஒண்ணாட்டமிருக்கு. பாதிப் பேரு மறந்துபோகுது. கூட வேல பாக்குற புள்ளைகளையே என்னான்னு கூப்புடுறதுன்னு தெரியல." அதோடு ஜீப்பு விட்டுவிட்டுப் போனதையும் சொன்னாள். பேசப் பேச அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒன்றரை வருடத்துப் பேச்சு அது. ஒரே வீட்டில் இருந்த எனக்கு அதில் பாதி அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. தைராய்டைத் தூண்டுகிற டி.எஸ்.எச். ஹார்மோன், இருக்கவேண்டிய அளவைவிட எத்தனையோ மடங்கு அதிகம். அது அப்படி ஏறியிருந்தால் தைராய்டு வேலை செய்யவில்லை என்று அர்த்தம் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் நிமிர்ந்து, "ரொம்ப நாளா இருந்திருக்கே. இதுக்கு முன்னாடி யார்கிட்டயும் காட்டலையா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன்.

அம்மா சொன்னாள்: "இல்லீங்கம்மா. மக எத்தனையோ தடவ கூப்புட்டா. நாந்தான் வரமாட்டேன்னுட்டேன்."

வரும் வழியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "டீச்சருன்னு பேரு எடுத்திருக்க. அது எதுக்குக் கெடணும்?" என்றாள். அந்த எட்டு நாளும் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா சத்தம் போடுவ" என்றாள். கோபமில்லாமல், கடையில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. அதைப் போட்டு முக்கால் மணி நேரத்துக்கு டீ கூடக் குடிக்கக்கூடாது. அவ்வளவுதான் வைத்தியம். இரண்டு மாதத்தில் முகம் வடிய ஆரம்பித்தது, குரல் திரும்பியது. உடம்பு தேறியதும் அம்மாவுக்காக நான் ஜீப்புக்கு ஆள் சேர்க்கிற அக்காவிடம் போனேன். அவர் கண்ணைப் பார்க்காமல், "வேற ஆளு போட்டாச்சு தாயி" என்றார். பிறகு, "ஒரு வருசமா உங்கம்மா பையில நாங்க ஆளுக்கு ஒரு கை காயி அள்ளிப் போட்டுத்தான் சமாளிச்சோம். உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. அந்த ஜீப்பில் போகிற, எழுத்துக்கூட்டத் தெரியாத பதினோரு பெண்களுக்கு என் அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருந்தது. தங்களால் முடிந்ததை அவர்கள் செய்திருக்கிறார்கள். நான் அவளைச் சோம்பேறி என்று நினைத்தேன்.

அம்மா இப்போது போடியிலேயே ஒரு குடோனில் காய் தரம் பிரிக்கப் போகிறாள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அங்கே அவளை மதினி என்று கூப்பிட ஆள் இல்லை. விடிகிற நேரத்தில் ஜீப்பு ஹாரன் கேட்டால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுகிறாள்.

மறுபடி ரத்தம் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் நான்தான் கூட்டிப்போகிறேன். சீட்டு வாங்குவது, ரிப்போர்ட் வாங்குவது எல்லாம் நான்தான். டாக்டர் அறை வாசல் வந்ததும் அம்மா, "நீ வெளில இரு பாப்பா" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் அவளே கதவைச் சாத்திக்கொள்வாள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று திரும்பி வரும்போது கேட்டால், "எல்லாம் நல்லாருக்காம்" என்பாள்.

நான் படித்த படிப்பைப் பற்றி அம்மா இன்றும் குடோனில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறாள். அவள் உடம்பைப் பற்றி மட்டும் அவள் என்னிடம் எதுவும் சொல்வதில்லை, சொல் என்று வற்புறுத்தும் தகுதி எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.