ஒண்ணுமில்லாத தெரு

என் தங்கை போராடி வாங்கியவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். நகராட்சி வரைபடத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு கோடு. நாற்பத்தொரு வீடுகளுக்குக் கதவு எண். இரண்டு தெருக்குழாய்; அதில் ஒன்றில் தண்ணீர் வருகிறது. சாக்கடையும் கேட்டாள். இன்னும் வரவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

அவள் கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். நான் ஐந்தாவது வரை படித்தேன். அவள் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. ஆனால் எண்களும் அளவுகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இடுப்பில் எப்போதும் அளவு டேப் செருகியிருக்கும். வேலையிடத்தில் 'டேப்பு' என்றால்தான் அவளைத் தெரியும்.

எங்கள் ஊரை நகராட்சியோடு சேர்த்த வருஷம் நில அளவைக்காரர் ஒருவர் வந்தார். வெயிலுக்குப் பயந்து தெருமுனையிலேயே நின்றுகொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். பதில் சொன்னவன் நான்தான். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"ஒண்ணுமில்லீங்க, நாங்கதான் இருக்கோம்."

அவர் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நகராட்சிச் சுவரில் வரைவுத் திட்டத்தை ஒட்டியபோது எங்கள் தெரு இருந்த இடம் பச்சையாக இருந்தது. பூங்காவாம். ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் தந்திருந்தார்கள். தங்கை என்னைத் திட்டவில்லை.

"உன் மரியாதைக்கு நாப்பத்தோரு வீட்டு மேலயும் புல்லு மொளைக்கப் போவுதுண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீடு வீடாக அளந்தாள். அவள் சொல்லச் சொல்ல நீளம், அகலம், ஆள் எண்ணிக்கை எல்லாம் நான் எழுதினேன். திங்கட்கிழமை கொண்டுபோனோம். அது பழைய படிவம் என்றார்கள். புதிய படிவத்தில் நாற்பத்தொரு வீட்டையும் மறுபடி எழுதி, புதன்கிழமை போனோம். எழுத்தர் விடுப்பு. வியாழக்கிழமை அவர் இருந்தார். 'அளந்தவர் கையெழுத்து' என்ற கட்டத்தில் இருந்த கட்டைவிரல் ரேகையைப் பார்த்ததும் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"கைநாட்டுன்னா அதிகாரி முன்னாலதான் வைக்கணும்மா. அவரு பதினஞ்சாம் தேதி வருவாரு."

கடைசி நாள் பதினாலு.

நான் போடுகிறேன் என்றேன். அளந்தது நானா என்று கேட்டார். தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

"இந்த ஆபீஸ் மாடிக்குக் கலவை சுமந்த கைண்ணே இது" என்றாள் படியில்.

அன்று மாலையே அவள் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து வேலையிடத்தில், பூசிய ஈரச் சுவரில் கரணை நுனியால் எழுதிப் பார்த்தாள். மேஸ்திரி கிண்டல் செய்தாராம்: "வீட்டுக்காரரு பேரே இன்னும் எழுதல, அதுக்குள்ள உன் பேரா?" மட்டப்பலகையால் தேய்த்துவிட்டு மறுபடி எழுதினாளாம். முதல் எழுத்தின் சுழி மட்டும் கடைசிவரை வசப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை எழுத்தரின் எதிரிலேயே எழுதினாள். பெயர் கட்டத்தைத் தாண்டி ஓரம்வரை போயிற்று. அவர் தாளைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது கையெழுத்தாம்மா, பேரா?"

"ரெண்டும்தான் சார். சீல் குத்துங்க."

குத்தினார். அந்தக் கோடு வரைபடத்தில் ஏற அதன் பிறகும் பதினாலு மாதம் இழுத்தடித்தார்கள். ஆனால் முத்திரை விழுந்த நகல் என்னிடம் இருக்கிறது. அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதி அதில் தெளிவாக இருக்கிறது: 14.06.2011.