ஒன்பதாவது அறை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரு வரிகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைத்திருந்தவள்தான் நானும். இது பட்டப்பகலில், வெயில் சுள்ளென்று அடிக்கும்போது நடந்தது.

மருந்துகளைக் குளிரில் வைத்திருக்கும் ஒரு கிடங்கில் அக்கா கணினி வேலை பார்க்கிறாள். நான் பள்ளியைப் பாதியில் விட்டவள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி ஒரு வேலையை எனக்காக மேனேஜரிடம் கேட்டு வாங்கியிருந்தாள் அக்கா. அன்றுதான் சோதனை. சொதப்பினால் வேலை கிடையாது.

கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரைக்கு ஷெல் என்று பெயர். அதில் ‘அறை’ என்று தட்டி டேப் பொத்தானை அழுத்தினால் மிச்சப் பெயரை அதுவே எடுத்துக்கொடுக்கும். அதை நான் மாற்றி எழுதினேன். டேப் அழுத்தியதும் கிடங்கின் அறைகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கூப்பிடும். பதில் சொல்லும் அறையை மட்டும் பட்டியலில் காட்டும். உள்ளே எத்தனை பேர் என்பதும் பக்கத்திலேயே வரும். ஆள் எண்ணும் கருவி ஒவ்வொரு கதவிலும் உண்டு.

அக்கா கிடங்கில் இருந்தாள். அம்மாவும் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்.

மணி 3.10. டேப் அழுத்தினேன். எட்டு அறைகள். எல்லாவற்றிலும் பூஜ்ஜியம். அப்பாடா என்றிருந்தது.

3.14. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். எட்டுக்குக் கீழே புதிதாக ஒரு வரி.

அறை 9 – 1.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, ஒன்பதாவது ரூம்ல யாரு?”

“எட்டுதான்டி இருக்கு. ஊமைக்கோட்டான், இன்னிக்குப் பாத்தா சொதப்புவ?”

“உள்ள ஒரு ஆள்னு காட்டுதுக்கா...”

“இரு, மேனேஜர் வர்றதுக்குள்ள பின்னாடி போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

எழுதியதை வரி வரியாகப் படித்தேன். தப்பு கிடைத்தது. எட்டோடு நிறுத்து என்று எழுத மறந்திருந்தேன். பதில் வந்துகொண்டிருக்கும்வரை அது அடுத்த எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே போகும். எட்டு முடிந்ததும் ஒன்பதையும் கூப்பிட்டிருக்கிறது.

இல்லாத அறை என்றால் பதில் வராமல் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

பதில் வந்திருக்கிறது.

3.22. டேப்.

அறை 9 – 2.

அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

மூன்றாவது முறை எடுத்தாள்.

டக்... டக்... டக்...

இரும்புக் கதவை உள்ளிருந்து தட்டுவது போல.

“அக்கா!”

தட்டுவது நின்றது. யாரோ மூச்சை இழுத்தார்கள். போன் துண்டிக்கப்பட்டது.

டேப். 2.

டேப். 2.

டேப்...

3.31.

1.

3.33-க்கு அக்காவே கூப்பிட்டாள்.

“எதுக்குடி இத்தனை தடவை அடிச்சிருக்க? பின்னாடி வெறும் செவுருதான்.”

“இவ்ளோ நேரம் எங்கக்கா இருந்த?”

“எவ்ளோ நேரம்? ரெண்டு நிமிஷம்கூட ஆகல.”

எட்டோடு நிறுத்து என்று எழுதிச் சேர்த்தேன். அதற்கு முன்பு கடைசியாக ஒரு முறை டேப் அழுத்தினேன். அப்போதும் 1. அக்கா அந்த நேரம் மேனேஜர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். போனில் எனக்கே கேட்டது.

வேலை கிடைத்துவிட்டது.

போன வாரம் கிடங்கின் பழைய மெக்கானிக் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியைச் சரிபார்க்க வந்தார். எப்படித்தான் வாய் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

“ஒன்பதா? அது உங்களுக்கு யாரும்மா சொன்னா? செவுரு வெச்சு அடைச்சுப் பல வருஷமாச்சே. வயரெல்லாம் நான்தான் உருவிப் போட்டேன்.”

உள்ளே வேலை செய்த இரண்டு பெண்களை வைத்துத் தெரியாமல் பூட்டிவிட்டார்களாம். திறந்தபோது ஒருத்திக்குத்தான் உயிர் இருந்ததாம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையாம்.

“பொழச்சவங்க இப்ப எங்க இருக்காங்க?”

அவர் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

“அவங்கம்மா கடைசிவரைக்கும் வீட்டுக்குள்ள சேக்கலம்மா. ‘இது எம் பொண்ணு இல்ல, எம் பொண்ணு உள்ளதான் இருக்கா’ன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

எங்கள் அம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவளாகக் கேட்கிறவரை சொல்லவும் மாட்டேன்.