தாயாரம்மாள் கைகாட்டிய மீன்கள்

தாயாரம்மாளை எங்கள் ஊரில் எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். யாருக்கு அத்தை, எந்த வழியில் அத்தை என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. வயது ஐம்பத்தைந்து இருக்கும். நடவுக்கும் களையெடுக்கவும் போவாள். அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. புருஷன் மஞ்சள் காமாலையில் சீக்கிரமே போய்விட்டான். மகளை அரக்கோணத்தில் ஒரு ரயில்வே வேலைக்காரருக்குக் கட்டிக் கொடுத்தாள். கடைக்குட்டி பரந்தாமன் அவளோடு இருந்தான். இருபத்தாறு வயது, பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறியில் வேலை.

கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் அத்தை வேறு ஆள். தரைப்பாலத்தின் மேல் நின்றுகொண்டு மீன் எங்கே நிற்கிறது என்று சொல்லுவாள். எங்களுக்குத் தெரிவது கலங்கல் தண்ணீர் மட்டும். "தோ பார், கருப்பா ஒண்ணு, பின்னாலயே ரெண்டு" என்பாள். வலைக்காரன் சந்திரமோகன் அங்கே வீசுவான்.

"அத்தைக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது, ஆத்துக்குள்ள இருக்கிறது மட்டும் தெரியும்" என்று அவன் சீண்டுவான்.

"ஒனக்கு ரெண்டும் தெரியலியேடா" என்று அவளும் விடமாட்டாள்.

போன கார்த்திகையில் ஆந்திரா பக்கத்து அணையைத் திறந்தார்கள். தண்டோரா போட்டார்கள், வாட்ஸ்அப்பிலும் வந்தது. தரைப்பாலத்தின் இரண்டு பக்கமும் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தோம். அதை ஒதுக்கிவிட்டு வண்டியை விடுகிற அசட்டுத் துணிச்சல் எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பிறவியிலேயே உண்டு. நானே விட்டிருக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது பரந்தாமன் விட்டான். மறுநாள் காலையில் பாலத்துக்குக் கீழே ஒரு கருவேல மரத்தில் வண்டி மாட்டிக்கொண்டு கிடந்தது. ஆளைக் காணோம்.

தீயணைப்பு ஆட்கள் ஆறு போகிற போக்கிலேயே மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. பாலத்துக்கிட்டே இறங்க முடியாதபடி தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அந்த வண்டி பரந்தாமனுடைய அக்காள் புருஷனுடையது. அத்தை அதையே பிடித்துக்கொண்டாள்.

"பாவா வண்டிய வெள்ளத்துல வுட்டுட்டான் இல்ல, மூஞ்சி காட்ட பயந்துகினு நகரிக்குப் போயிட்டான். கோவம் ஆறட்டும்னு அங்க ஒக்காந்துகினு கீறான்."

அவள் சொன்னதை அடித்துப் பேச எங்களால் முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு, ஆந்திரா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நகரிக்குப் போய், ஒன்றரை மாதம் அங்கே தறி ஓட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வந்து சோறு கேட்டவன்தான் அவன். அப்போது அப்படிப் போகாமல் இருந்திருந்தால் அவளுக்கு இந்த நினைப்பே வந்திருக்காது. எனக்கு அவன்மேல் கோபம் கோபமாக வந்தது.

ஏழாம் நாள் திருத்தணி மலைக்குப் போனாள். கேட்டது கிடைத்த பிறகு போட வேண்டிய மொட்டையை முன்னாலேயே போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். "அவன் வந்துட்டான்னு வெச்சிக்கினே போட்டேன்" என்றாள். அந்தத் தலையைப் பார்க்க முடியாமல் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆற்றோடு போனவனுடைய உடல் கிடைக்கிற வரைக்கும் யாரும் வலை போடக் கூடாது. கிடைக்கவே இல்லையென்றால் வீட்டார் வைக்கோலில் ஓர் உருவம் செய்து, கரையில் வைத்துக் காரியம் முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆறு எல்லோருக்கும்.

எட்டாம் நாள் தண்ணீர் இறங்கியது. பாலத்துக்குக் கீழே இருக்கும் மடுவில் மீன் தெரிந்தது. அத்தை கண் வேண்டியதில்லை, எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. கெளுத்தி. ஒவ்வொன்றும் பத்து வயதுப் பிள்ளை நீளம். அணையிலிருந்து வந்ததா, யாராவது குட்டையில் வளர்த்தது வெள்ளத்தில் தப்பி வந்ததா தெரியாது. அந்த மாதிரி மீனை எங்கள் ஆற்றில் யாரும் பார்த்ததில்லை. நான்தான் முதலில் வீடியோ எடுத்தேன். 'நம்ம ஆத்துல ராட்சச மீன்' என்று போட்டேன், பாட்டு வேறு சேர்த்து. கனகம்மாசத்திரத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாலத்தின் மேல் திருவிழாக் கூட்டம்.

பத்தாம் நாள் சந்திரமோகன் என்னையும் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனான்.

"அத்தை, வெளியூர்காரன் வலையோட வந்துகினு கீறான். அவனுக்கு நம்ம கட்டுப்பாடு இன்னா தெரியும்? நீ ஒரு வார்த்தை சொன்னா, வைக்கோல் வெச்சி முடிச்சிடலாம்."

"உசுரோட இருக்கிற புள்ளைக்கு வைக்கோல் கட்டச் சொல்றியா? எழுந்து போடா" என்றாள். கையில் விளக்குமாறு இருந்தது. அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்போம்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "வலை போட வேணாம் அத்தை. நீ வந்து பாக்கவாச்சும் பாரேன். எல்லா ஊர்க்காரனும் பாக்குறான், நீ பாக்கல" என்று மறுநாள் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன். மனசு கொஞ்சம் மாறும் என்று நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

கூட்டம் வழிவிட்டது. அவள் கைப்பிடிக் கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எத்தனை மீன் என்று சொல்லுவாள் எனக் காத்திருந்தோம்.

"எத்தினி நாளா இதே எடத்துல நிக்குது?"

"மூணு நாளா அத்தை. கல்லெடுத்து அடிச்சாலும் போக மாட்டேங்குது. ஒரு சுத்து சுத்திட்டு இங்கியே வந்துடுது."

அவள் பார்வை மீனை விட்டுப் பாலத்துக்கு அடியில் போனது. பிறகு நானும் பார்த்தேன். அத்தனை மீனும் ஒரே பக்கம் தலையை வைத்துக்கொண்டு நின்றன. பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகப் போட்ட குழாய்கள் ஐந்து. மூன்றாவது குழாயின் வாயில் முள்ளும் குப்பையும் அடைத்திருந்தது. மீன்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று நாளாக நாங்கள் மீனைப் பார்த்தோமே தவிர, மீன் எதைப் பார்க்கிறது என்று ஒருவனும் பார்க்கவில்லை.

அவள் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அவள் இருக்கிற வரைக்கும் அவன் நகரியில் தறி ஓட்டிக்கொண்டிருந்திருப்பான்.

"சந்திரமோகனு" என்றாள். "மூணாவது குழாய்ல முள்ள எடுத்துட்டுப் பாரு."

"எதுக்கு அத்தை?"

"பாருடான்னா."

நாலு பேர் இறங்கினார்கள். முள்ளை இழுத்துப் போட அரைமணி நேரம் ஆனது. பரந்தாமன் உள்ளே இருந்தான். எந்த நிலையில் இருந்தான் என்று நான் எழுத மாட்டேன். பாலத்தின் மேல் அதையும் இரண்டு பேர் வீடியோ எடுத்தார்கள். ஒருத்தன் கன்னத்தில் நான் அறைந்தேன். அறைய எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. அத்தை அவன்மேல் போர்த்தியிருந்த வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு "அவன்தான்" என்றாள். அழவில்லை. சந்திரமோகன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரையில் கிடந்த வலையைச் சுருட்டினான்.

"எங்க போற? போடு வலைய."

"அத்தை, இப்ப போயா?"

"ஒண்ணுகூட வுடாத. எல்லாத்தையும் புடி."

"புடிச்சா யாரு அத்தை துன்னுவாங்க?"

"எவனும் துன்ன வேணாம். குழி வெட்டுங்க."

வெட்டினோம். அவள் பாலத்தின் மேல் நின்று கைகாட்ட, சந்திரமோகன் வீசினான். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் போட்டோம். ஏழு வந்தது. அதற்கப்புறம் மடுவில் ஒன்றும் இல்லை. தண்ணீர் தெளிந்து தரை தெரிந்தது. ஆம்புலன்ஸ்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

"இன்னும் ஒண்ணு கீது" என்று அவள் கையை நீட்டினாள். சந்திரமோகன் வீசினான். வலை சும்மா வந்தது.

"தோ, அங்கதான் நிக்குது. போடு."

மறுபடியும் வீசினான். நாங்கள் எத்தனை பேர் நின்றோம், போதும் அத்தை என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.